முதலில் ஆண் போய்ப் பரிசோதிக்கட்டும்

கல்யாணமாகி மூன்று வருடம் குழந்தை இல்லையென்றால் நம்ம ஊரில் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, விரதம், வேண்டுதல், ஊர்ப்பேச்சு எல்லாம் பெண்ணுக்குத்தான். பத்து வருடமாகத் தினமும் குவாட்டர் அடிக்கும் கணவனை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் பொங்குகிறது.

குவாட்டர் என்பது 180 மில்லி. 42.8 சதவீதச் சரக்கென்றால், அதில் சுத்த ஆல்கஹால் மட்டும் சுமார் 60 கிராம். ஒரே நேரத்தில் 60 கிராம் உள்ளே போனாலே மிதமிஞ்சிய குடி என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் வீடுகளில் அதற்குப் பெயர் "அளவாத்தான் குடிப்பாரு".

விந்தணு உருவாக டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் வேண்டும். அதைச் சுரப்பவை விரையிலுள்ள லேடிக் செல்கள். ஆல்கஹாலும், அது உடைந்து உருவாகும் அசிட்டால்டிஹைடும் அவற்றை நேரடியாகவே தாக்குகின்றன. சுரக்கச் சொல்லி மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் எல்.எச். ஹார்மோனும் குறைகிறது. போதாததற்கு, இருக்கும் ஆண் ஹார்மோனில் ஒரு பகுதி பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாறுவதும் கூடுகிறது. ஈரல் கெட்டுவிட்டால் நிலைமை இன்னும் மோசம். மார்பு பெருக்கும், விரை சுருங்கும், உடம்பு முடி உதிரும், ஆசையும் எழுச்சியும் குறையும். ஈரல் நோயாளிகளுக்கு மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஆரோக்கியமான ஆண்களுக்குச் சில வாரம் மது கொடுத்துப் பார்த்த ஆய்வு 1976-லேயே வந்துவிட்டது. அவர்களுக்கும் டெஸ்டோஸ்டிரோன் இறங்கியது.

குடித்தால்தான் ஆம்பளை என்று பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஊரில் இதை உரக்கப் பேசியாக வேண்டும். படுக்கையில் இயலாமல் போனதை மறைக்க மனைவிமேல் சந்தேகப்பட்டு அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பெண்கள் இதை வெளியே யாரிடம் சொல்வார்கள்?

விந்துப் பரிசோதனைக்கு ஊசி கிடையாது, மயக்க மருந்து கிடையாது. பெண்ணுக்குச் செய்யும் சோதனைகளோடு ஒப்பிட்டால் செலவும் குறைவு. அதை முதலில் செய்யுங்கள். ஜிம்மில் யாரோ சொன்னார்கள் என்று டெஸ்டோஸ்டிரோன் ஊசி மட்டும் போட்டுவிடாதீர்கள், வெளியிலிருந்து ஏற்றினால் மூளையடியிலிருந்து வரும் உத்தரவு நின்று விந்தணு உற்பத்தியே அடங்கிவிடும். குடியை விட்டால் பலருக்கு ஹார்மோன் தேறுகிறது. புது விந்தணு உருவாகி வர இரண்டரை மாதத்துக்குமேல் ஆகும், பொறுமை வேண்டும். ஆனால் வருடக்கணக்காகத் தினமும் குடித்தவர் தானாகச் சட்டென்று நிறுத்தக்கூடாது. வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவிலேயே இதற்குச் சிகிச்சை உண்டு. கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள்.