முதலில் முறையிட ஒரு வழி வேண்டும்

இணையத்தளங்களின் பாதுகாப்பு ஓட்டைகளைச் சம்பளமில்லாமல் கண்டுபிடித்துச் சொல்பவர்களைப் பாராட்ட வேண்டும் என்று ஒரு கட்டுரை படித்தேன். சரிதான். ஆனால் ஹட்டன் பக்கம் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவனுக்குக் கிடைத்தது மிரட்டல்தான்.

ஒரு டியூஷன் வகுப்பின் தளத்தில் தன் புள்ளிகளைப் பார்த்தவன், முகவரியின் கடைசியில் இருந்த இலக்கத்தில் ஒன்றைக் கூட்டிப் போட்டிருக்கிறான். வேறொரு பிள்ளையின் பெயர், தோட்டம், டிவிஷன், அம்மாவின் போன் நம்பர் எல்லாம் வந்து நின்றது. கடவுச்சொல்கூடக் கேட்கவில்லை. அத்தோடு நிறுத்திக்கொண்டு நிர்வாகத்துக்கு எழுதினான். "பொலிசுக்குப் போவோம்" என்று பதில். அப்புறம் சத்தமில்லாமல் ஓட்டையை மட்டும் அடைத்துவிட்டார்கள்.

அவன் பயந்ததிலும் நியாயம் உண்டு. இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி, அதிகாரமில்லை என்று தெரிந்தே ஒரு கணினிக்குள் நுழைவதே குற்றம். நல்லெண்ணத்தை யார் அளப்பது?

இணைய உலாவி செய்த நெட்ஸ்கேப் நிறுவனம் 1995இலேயே பிழை சொன்னவர்களுக்குப் பணம் கொடுத்தது. நம் ஊர்த் தளங்களிடம் பணம் யார் கேட்டார்? 'செக்யூரிட்டி.டெக்ஸ்ட்' (security.txt) என்று தளத்தில் வைக்கும் ஒரு சின்னக் கோப்பு. பிழையை யாருக்கு எழுதுவது என்று அதில் போட்டு வைத்தால் போதும். 2022இல் அதற்கு முறையான வரையறையே வந்துவிட்டது. செலவு ஒரு பிளேன்டீ அளவுகூட இல்லை.

இப்படி மாட்டிக்கொள்ளும் பிள்ளைகள் தளக்காரரிடம் தனியாக மல்லுக்கட்டாமல் கணினிப் பாதுகாப்புப் பிரச்சினைகளைக் கவனிக்கும் தேசிய அமைப்பான இலங்கை சேர்ட்டுக்கு (Sri Lanka CERT) எழுதுங்கள். அடுத்தவர் விவரம் எதையும் சேமித்து வைக்காதீர்கள்.