தீத்தடுப்புப் பூச்சு குறித்து ஒரு திருத்தம்

"தீத்தடுப்புப் பூச்சை ஒருமுறை பூசிவிட்டால் மரவீடு எரியவே எரியாது" என்று சொல்லப்படுவது தவறு. அதை நம்பி எவரும் புகை உணர்கருவியைத் தவிர்த்துவிடக் கூடாது என்ற கவலையால் இதை எழுதுகிறேன். எந்தப் பூச்சும் மரத்தை எரியாப் பொருளாக மாற்றுவதில்லை. வீங்கும் வகைப் பூச்சு, வெப்பம் பட்டதும் நுரைபோல் பொங்கிக் கரிப்படலமாகத் தடித்து, மரம் பற்றிக்கொள்வதைத் தாமதப்படுத்துகிறது. உள்ளே இருப்பவர்கள் வெளியேறக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான். உரிந்தோ கீறியோ போன இடத்தில் அதுவும் கிடைக்காது. பூச்சுக்குப் பதில் தீத்தடுப்பு உப்புகளின் கரைசல் ஊட்டிய மரமாக இருந்தால், மழை படும் வெளிச்சுவரில் அந்த உப்பு நாளடைவில் கரைந்து வெளியேறக்கூடும்.

பூச்சைவிட மரத்தின் தடிமன் முக்கியமானது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ஊசியிலை மர உத்திரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர் வீதமே கருகுவதால், அரை மணி நேரம் எரிந்த தடிமனான உத்திரத்தை அறுத்துப் பார்த்தால், சுமார் 2 சென்டிமீட்டர் கரிக்கும் அதை ஒட்டிய மெல்லிய பழுப்புப் பட்டைக்கும் உள்ளே, நிறம் மாறாத மரம் இருப்பதைக் காணலாம். வெளிக்கரியே உள்மரத்துக்கு வெப்பக் காப்பாகிவிடுகிறது. மெல்லிய பலகைக்கு இந்த வாய்ப்பு இல்லை. எனவே பலகைச் சுவருக்கு உட்புறம் ஜிப்சம் பலகை பொருத்துவதும், சுவருக்குள் தீ மேலேறும் வெற்றிடங்களை இடையிடையே அடைப்பதும் பூச்சு இருந்தாலும் தேவைப்படுபவை.