1713-லேயே அக்காடியர்கள் விரட்டப்பட்டார்களா?

"1713-இல் நோவா ஸ்கோஷியா பிரிட்டன் கைக்கு வந்ததுமே அக்காடியர்கள் விரட்டப்பட்டார்கள்" என்று ஒரு செய்தி பரவிவருகிறது. அக்காடியர்கள் என்போர் இன்றைய கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள அந்தப் பகுதியில் வாழ்ந்த பிரெஞ்சுக் குடியேறிகளின் வழிவந்தவர்கள். பரவும் இச்செய்தி தவறு. வெளியேற்றம் தொடங்கியது 1755-இல்.

இடைப்பட்ட 42 ஆண்டுகளை ஒரே வரியில் விழுங்கிவிடுவது அம்மக்களுக்குச் செய்யும் அநீதி. கொடி மாறியது, வயல் மாறவில்லை. கடலோரச் சதுப்பில் மண்கரை எழுப்பி, அதனடியில் மரமதகு பதித்தார்கள். வற்றுநீரில் அதன் கதவு திறந்து மழைநீரை வெளியேற்றும். ஓதம் ஏறினால் தானே மூடிக்கொள்ளும். உப்பு கழுவப்பட்ட அந்த மண்ணில் கோதுமை விளைந்தது. கத்தோலிக்க வழிபாடு தொடர்ந்தது. ஊர்ப் பிரதிநிதிகள் பிரிட்டிஷ் ஆளுநரிடம் பேசினார்கள். மக்கள்தொகை பலமடங்கு பெருகியது.

நெருக்கடி, பிரிட்டிஷ் மன்னருக்கு எடுக்கவேண்டிய விசுவாசப் பிரமாணத்தில் இருந்தது. போரில் ஆயுதம் ஏந்தமாட்டோம் என்ற நிபந்தனையோடுதான் ஏற்போம் என்றார்கள். 1749-இல் ஹாலிஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் நகரம் நிறுவப்பட்டபின் பிடி இறுகியது. 1755 செப்டம்பர் 5 அன்று கிராண்ட் பிரே என்ற அக்காடிய ஊரின் தேவாலயத்துக்கு ஆண்களையும் சிறுவர்களையும் வரச்சொல்லி, பிரிட்டிஷ் படையினர் உள்ளேயே சிறைவைத்தார்கள். நிலமும் கால்நடையும் அரசுடைமை என்ற அறிவிப்பை அக்காடியர்கள் அங்கேதான் கேட்டார்கள். அப்போது வெளியே அறுவடைக் காலம்.