இழு இழுன்னு இழுத்தா கயிறுதான் அறும்!

பினாங்கின் தெலுக் பஹாங் ஜெட்டியிலும் பத்து மாவுங் கரையிலும் சனிக்கிழமை விடிகாலையில் அலைச்சத்தத்தை விட இந்தச் சத்தம்தான் அதிகம்: சர்ர்ர்... சர்ர்ர்... அட சனியனே! படகின் பின்னால் மாட்டிய பழைய 15 குதிரைச்சக்தி டூ ஸ்ட்ரோக் மோட்டார் ஸ்டார்ட் ஆகவில்லை. உடனே நிற்கிற ஆள் எல்லாம் வைத்தியர். "பிளக்கை மாத்துண்ணே", "கார்பரேட்டரைக் கழட்டு", "இன்னும் பத்து இழு இழு, வந்துரும்". இழுக்கிற வேகத்தில் பின்னால் நிற்பவன் மூக்கில் முழங்கை படாமல் இருந்தால் புண்ணியம்.

மோட்டாரை நிறுத்தும் கில் சுவிட்ச்சில் கிளிப் மாட்டியிருக்கிறதா என்று ஒருத்தராவது குனிந்து பார்க்கிறாரா? கிடையாது! அந்தச் சிவப்புச் சுருள் கயிற்று கிளிப் கழன்று கிடந்தால் ராத்திரி வரைக்கும் இழுத்தாலும் பிளக்கில் பொறி வராது. வரக்கூடாது என்றுதானே அதை வைத்திருக்கிறார்கள்! கியர் நியூட்ரலில் இருக்கிறதா? அதையும் பார்ப்பதில்லை. டேங்க் மூடி மேலிருக்கும் சின்னக் காற்றுத் திருகு இன்னும் மோசம். அதை மூடியே வைத்திருந்தால் மோட்டார் முதலில் நல்ல பிள்ளை மாதிரி ஸ்டார்ட் ஆகும். ஜெட்டியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் மூச்சை விடும். பெட்ரோல் டியூபின் நடுவில் இருக்கிற ரப்பர் கை பம்ப்பைப் பார்த்தால் சப்பிப் போயிருக்கும். டேங்குக்குள் காற்று போகாமல் பெட்ரோல் எப்படி வெளியே வரும்?

அந்தக் கை பம்ப்பையும் சும்மா இரண்டு அமுக்கு அமுக்கிவிட்டு விடுகிறார்கள். அதிலுள்ள அம்புக்குறி மோட்டார் பக்கம் பார்க்க வேண்டும். அம்பு மேல்நோக்கி இருக்கும்படி பிடித்து, கல் மாதிரி இறுகும் வரை அமுக்க வேண்டும். இறுகவே இல்லையா? டியூப் முனையில் இருக்கிற ஓ-ரிங்கைப் பாருங்கள், வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும். சில வெள்ளி பெறாத அந்த ரப்பர் வளையம் காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்க, இவர்கள் கார்பரேட்டரைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பரப்பியிருப்பார்கள். ஒரு ஆள் நிற்காமல் பம்ப்பை அமுக்கினால் மட்டும் மோட்டார் ஓடுகிறது என்றால், காற்றுக் கசிவு, இல்லாவிட்டால் பெட்ரோல் பம்ப்பின் சவ்வு கிழிந்திருக்கிறது. கார்பரேட்டர் பாவம், அதை விடுங்கள்.

பிளக்கை மாற்று என்கிறவர்கள் கழற்றின பிளக்கை முகர்ந்தாவது பார்க்கக் கூடாதா? பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்து நாறினால் பெட்ரோல் வந்து தேங்கிவிட்டது, இல்லாவிட்டால் பொறி இல்லை. தேங்கிய மோட்டாருக்கு மறுபடியும் சோக் இழுத்து, காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டுவது எந்த ஊர் நியாயம்? சோக் குமிழை உள்ளே தள்ளிவிடுங்கள், கை பம்ப்பைத் தொடாதீர்கள், ஆக்சிலேட்டரை முழுசாகத் திறந்து ஏழெட்டு தடவை இழுங்கள். தேங்கினது வெளியேறும். ஸ்டார்ட் ஆன நொடியே குறைக்கத் தயாராக இருங்கள்.

பொறி பார்க்க, பிளக்கைத் தொப்பியில் மாட்டி, அதன் இரும்பு உடலை எஞ்சின் பிளாக்கில் ஒட்டிப் பிடித்து இழுக்க வேண்டும். பிளக் ஓட்டையிலிருந்து தள்ளிப் பிடியுங்கள், அங்கே வருவது பெட்ரோல் ஆவி. நீலமாகச் 'சட்' என்று அடித்தால் சரி. இரண்டு சிலிண்டரிலும் இல்லையென்றால் உடனே சிடிஐ (பொறிக்கு மின்சாரம் அனுப்பும் பெட்டி) போச்சு என்று போர்மேன், அதாவது மெக்கானிக், சொன்னதை நம்பிக் காசைக் கொட்டாதீர்கள். முதலில் கில் சுவிட்ச் வயரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். பொறி திரும்பி வந்தால் உப்பு அரித்த சுவிட்ச்தான் குற்றவாளி. சோதனைக்கு மட்டும்தான் இது! அந்த வயர் இல்லாமல் மோட்டார் ஓடினால் சுவிட்ச்சால் நிறுத்த முடியாது, சோக்கை இழுத்துத்தான் திணறடிக்க வேண்டும்.

பெட்ரோல் விஷயத்தில்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. தீபாவளிக்கு ஊற்றின பெட்ரோல் தைப்பூசம் தாண்டியும் டேங்கில் கிடக்கிறது, அதை வைத்து ஸ்டார்ட் பண்ணுகிறார்களாம். உள்ளே இருப்பது தெரிகிற ஒரு போத்தலில் கொஞ்சம் பிடித்துப் பத்து நிமிஷம் வையுங்கள், தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். 50:1 (ஐம்பது பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில்) என்று போட்டிருக்கிற மோட்டாருக்கு 25 லிட்டர் பெட்ரோலில் அரை லிட்டர் டூடி ஆயில், அதாவது டூ ஸ்ட்ரோக் ஆயில், அவ்வளவுதான். "எஞ்சினுக்கு நல்லது" என்று தாராளமாக ஊற்றினால் பிளக் கரி பிடிக்கும். அது மட்டுமா, ஆயில் கூடினால் கார்பரேட்டரில் பெட்ரோல் போகிற சின்ன ஓட்டையான ஜெட் வழியாகப் போகிற பெட்ரோல் குறையும், எஞ்சின் சூடாகும். நல்லது செய்கிற லட்சணம் இது!

சோக் போட்டால் மட்டும் ஓடி, சோக்கை எடுத்ததும் செத்தால் கார்பரேட்டரின் சின்ன ஜெட் அடைத்திருக்கலாம். இப்போது கழற்றுங்கள், நியாயம் உண்டு. ஆனால் கம்பியை விட்டுக் குத்தாதீர்கள் ஐயா! பித்தளை ஓட்டை கம்பி பட்டுப் பெரிதானால் அந்த ஜெட் குப்பைக்குத்தான். கார்பரேட்டர் கிளீனரை அடித்து, காற்றால் ஊதுங்கள்.

இத்தனைக்கும் அந்த ஜெட் அடைக்காமல் இருக்க வழி இருக்கிறது. கடைசியாக நல்ல தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவும்போதே பெட்ரோல் டியூபைக் கழற்றிவிட்டு, தானாக நிற்கும் வரை விட்டால் கார்பரேட்டர் காய்ந்துவிடும். சில நிமிஷ வேலை. மீனை எடுத்துக்கொண்டு ஓடுகிற அவசரத்தில் அதற்கு மட்டும் யாருக்கும் நேரமில்லை, அடுத்த சனிக்கிழமை அரை நாள் நின்று கயிறு இழுக்க மட்டும் நேரமிருக்கிறது!