விடுதலைப் பத்திரம்

"பழையதை விட்டுவிடுங்கள், இன்றைக்கு வாழுங்கள்" என்று சூரிய உதயப் படத்தோடு தினம் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார். பதிலுக்குக் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். ஆனால் மனத்தில் வருவது எங்கள் தென்னந்தோப்பும் அதில் பெருகிய காண்டாமிருக வண்டுகளும்தான். அதை ஒருமுறை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

பட்டுக்கோட்டைப் பக்கம் ஊர். தாத்தா விட்டுப்போனவற்றில் 32 சென்ட் கொல்லை, 22 தென்னை, ஒரு கிணறு. மற்றதெல்லாம் பேச்சிலேயே பிரிந்துவிட்டது. இது மட்டும் 1998இல் கோர்ட்டுக்குப் போனது. அப்பா வாதி, பெரியப்பா பிரதிவாதி. மஞ்சள் பையில் கேஸ் கட்டு, வாய்தா நாளில் மட்டும் கட்டும் சலவை வேட்டி, மாலையில் வாடிய முகத்தோடு திரும்பும் அப்பா. எங்கள் வீட்டு நாட்காட்டியில் தீபாவளிக்குப் போட்டிருக்கும் வட்டத்தைவிட வாய்தாவுக்குப் போட்டிருக்கும் வட்டம் பெரியதாக இருக்கும்.

உண்மையில் சண்டை கொல்லைக்காக இல்லை. தாத்தாவின் கருமாதிப் பந்தியில், நாலு பேர் முன்னால், "சம்பளக்காரனுக்கு எதற்குக் கிணறு?" என்று பெரியப்பா கேட்டுவிட்டார். அவ்வளவுதான். வழக்குரையைப் பதினொரு பக்கத்துக்கு வக்கீல் எழுதினார். அந்த ஒரு வாக்கியம் அதில் எங்கும் இல்லை. ஆனால் அப்பா நடத்தியது அந்த வாக்கியத்தின் மீதான வழக்கைத்தான்.

சட்டத்தில்கூட மறதிக்கு இடம் வைத்திருக்கிறார்கள். 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, கைமாற்றுக்கு எழுதி வாங்கிய புரோநோட்டை மூன்று ஆண்டு சும்மா வைத்திருந்தால் காலாவதி. நிலம் அடுத்தவர் கையில் போய், பன்னிரண்டு ஆண்டு கேட்காமல் இருந்தால் அதுவும் போயிற்று. பந்தியில் கேட்ட ஒரு சொல்லுக்கு மட்டும் காலாவதி கிடையாது. அப்பா ஒவ்வொரு தடவையும் அதை நேற்று நடந்ததுபோலத்தான் சொல்வார், பரிமாறிய கூட்டின் பெயர் உட்பட.

பெரியப்பா மகனும் நானும் ஒரே பஸ்ஸில் ஒரே பள்ளிக்கூடம் போனோம். ஏழு ஆண்டு பேசவில்லை. எங்களுக்குள் எந்தப் பகையும் இல்லை. அவன் நல்ல பந்துவீச்சாளன் என்பதைக்கூட இன்னொருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். என் அக்கா கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் அப்பா மேடையைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டிலிருந்து யார் வந்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தாராம். பின்னால் அவரே சொன்னது. பங்காளிக் காய்ச்சல் என்று சும்மா பெயர் வைக்கவில்லை நம்மவர்கள்.

பிறகு கஜா புயல் வந்தது. 2018 நவம்பர் 16 விடிந்தபோது எங்கள் பக்கத்தில் தோப்பு என்று காட்ட எதுவும் மிஞ்சவில்லை. எங்கள் 22 மரமும் கிழக்கு மேற்காகக் கிடந்தன. வழக்கின் சொத்து விவரத்தில் மட்டும் அவை நிமிர்ந்து நின்றன. விழுந்த மரத்துக்கு 600 ரூபாயும் அகற்றுவதற்கு 500 ரூபாயும் சேர்த்து மரத்துக்கு 1,100 என்று அரசு நிவாரணம் அறிவித்தது. தகராறு நிலம் என்பதால் எங்கள் இரண்டு வீட்டுக்கும் வரவில்லை. ஊரெல்லாம் மரத்தை அறுத்து அகற்றி, குழி வெட்டிக் கன்று வைத்தார்கள். எங்கள் கொல்லைக்கு ஏற்கெனவே ஸ்டேட்டஸ் கோ உத்தரவு இருந்தது. உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும். கோர்ட்டில் மனுப் போட்டு இரண்டு பேரும் சேர்ந்து அனுமதி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. யார் கன்று வைத்தாலும் அதுவே அனுபவ பாத்தியத்துக்கு, அதாவது நிலம் அவர் அனுபவத்தில் இருக்கிறது என்பதற்கு, சாட்சியாகிவிடும் என்று இருவருக்கும் பயம்.

மட்கும் தென்னைத் தண்டு காண்டாமிருக வண்டுக்குப் பிரசவ அறை. அதிலே முட்டையிட்டுப் பெருகி, பறந்து போய் இளங்கன்றின் குருத்தைத் துளைக்கும். இரண்டாவது ஆண்டு பக்கத்துத் தோப்புக்காரர், விசிறிபோலக் கத்தரிபட்ட ஓலை ஒன்றைத் திண்ணையில் கொண்டுவந்து போட்டார். "உங்கள் கேஸை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் அண்ணே. உங்கள் வண்டு என் கன்றைத் தின்கிறது" என்றார். நான் படித்த எந்தத் தத்துவமும் அப்பாவை அப்படி உட்காரவைத்ததில்லை. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

2022இல் மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் ஆனது. அங்கே முடிந்தால் முடிந்ததுதான், மேல்முறையீடு கிடையாது. ஆளுக்குப் பதினாறு சென்ட், கிணறு பொது. கிணற்றில் தண்ணீர் வற்றிப் பல ஆண்டு ஆகியிருந்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

இந்த இடத்தோடு நிறுத்தினால் நானும் சூரிய உதயப் படம் போடுகிறவன் ஆகிவிடுவேன். ஏனென்றால் எங்களுக்கு ஓர் அத்தை இருக்கிறார். 1987இல் கல்யாணம் ஆனவர். பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் மகன்களைப் போலப் பிறப்பிலேயே உரிமை என்று 1989இல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தபோது, அதற்கு முன் மணமானவர்களை அதில் சேர்க்கவில்லை. 2005இல் மத்திய அரசு செய்த திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. இதெல்லாம் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது, அல்லது தெரியாததுபோல இருந்தோம். சமரசத்துக்கு முன்பு வில்லங்கம் வரக்கூடாது என்று வக்கீல் சொன்ன பிறகுதான் அத்தை வீட்டுக்கு ஆள் போனது. பத்திரப் பதிவு அலுவலகத்தில், தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக அவர் கையெழுத்துப் போட்டதற்குப் பெயர் விடுதலைப் பத்திரம். யாருக்கு விடுதலை என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

"நீங்கள் ஒருவர்தான் அத்தை எதையும் மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை" என்று திரும்பும் வழியில் அசட்டுத்தனமாகச் சொன்னேன். "வைத்துக்கொள்ளவில்லை என்று யார் சொன்னது? கேட்கவில்லை, அவ்வளவுதான்" என்றார். பிறகு பஸ் வந்துவிட்டது.

அதனால்தான் "மறந்துவிடு" என்று சொல்லும் வாயைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. பெரும்பாலும் அது இழந்தவரைப் பார்த்து, எடுத்துக்கொண்டவர் சொல்வதாகவே இருக்கிறது. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பழையதை விடுவது ஒரு கட்டத்தில் லாபம். அத்தைக்கு அது நஷ்டக் கணக்கில் இன்னொரு வரி. மூன்று பேரையும் ஒரே வாட்ஸ்அப் வாசகத்தில் அடைக்க முடியாது. சமரசத்துக்கு அடுத்த மாதம் நானும் பெரியப்பா மகனும் பேசி, அத்தைக்கு ஒரு தொகை கொண்டுபோய்க் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார். நன்றி சொல்லவில்லை, சொல்லாததில் எனக்கு நிம்மதி.

அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. குட்டை ரகம் வைத்தால் மூன்று நான்கு ஆண்டில் காய்க்கும் என்று எல்லோரும் சொன்னோம். கேட்காமல் நெட்டைக் கன்றுதான் வாங்கிவந்தார். அது பாளை விட ஆறேழு ஆண்டு ஆகும். கன்று வைத்த அன்று, இருபத்து நான்கு ஆண்டுக்குப் பிறகு முதல்முறையாகப் பெரியப்பா வேலி ஓரமாக வந்து நின்றார். குழியைப் பார்த்தார்.

"மூன்றடி போதாது" என்றார்.

"போதும்" என்றார் அப்பா.

இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.