பொட்டிபுரத்தில் முடுக்கியே கிடையாது
"பொட்டிபுரம் மலைக்குள் புரோட்டான் முடுக்கி வைத்துக் கதிர்வீச்சைக் கிளப்பப் போகிறார்கள்" என்று மேலே எழுதிய போடி அண்ணனுக்கு: குமுளி எல்லையில் கடை வைத்திருக்கும் கம்பத்துக்காரன் நான். பாறையை வெடிவைத்து உடைப்பதில் எனக்கும் கவலை உண்டு. அது வேறு விஷயம். அங்கே திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்தில் முடுக்கியே, அதாவது அணுத்துகள்களை வேகமாக ஓடவைக்கும் இயந்திரமே, இல்லை. வளிமண்டலத்தில் இயல்பாகப் பிறந்து, எதையும் ஊடுருவிப் போகும் நியூட்ரினோ என்ற நுண்துகள்களைக் கவனிக்க 50,000 டன் காந்தமேற்றிய இரும்புக் கருவி, அவ்வளவுதான்.

முடுக்கி இருப்பது ஜப்பானின் டோக்காய் கடலோரத்தில், பெயர் ஜே-பார்க். அங்கே 30 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள புரோட்டான்கள் கற்றையாக வந்து கிராஃபைட் என்ற கரித்துண்டில் மோதுகின்றன. அதிலிருந்து கிளம்பும் நியூட்ரினோக்கள் 295 கிலோமீட்டர் தள்ளி, காமியோகா சுரங்கத்தில் அவற்றைக் கவனிக்கும் கருவிக்குப் பூமிக்குள்ளேயே போகின்றன. தடித்த காப்புச் சுவர் தேவைப்படுவது முடுக்கியைச் சுற்றியும் மோதும் இடத்திலும்தான். மின்சாரத்தை நிறுத்தினால் புரோட்டான் கற்றையும் நின்றுவிடும். அடிவாங்கிய பாகங்களில் மட்டும் கதிரியக்கம் மிஞ்சும். உங்கள் பதிவில் ஒட்டியிருக்கும் முடுக்கி வளையத்தின் படமும் ஜே-பார்க்தான் அண்ணே, பின்னால் கடல் தெரிகிறது பாருங்கள். தேனியில் ஏது கடல்?