பிரெஞ்சு பக்கத்து ஊரில்தான் இருக்கிறது

பள்ளிச் சேர்க்கை நேரம் வந்துவிட்டால் கனடாவில் எங்கள் மங்க்டன் ஊர்த் தமிழர் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்விதான் ஓடும். "பிள்ளையை பிரெஞ்சு இம்மர்ஷனில் போடலாமா?" அதாவது, ஆங்கிலப் பள்ளியிலேயே பெரும்பாலான பாடங்களை பிரெஞ்சில் படிக்கிற வகுப்பில். உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். "போடுங்க, நாளைக்கு கவர்ன்மென்ட் வேலை கிடைக்கும்" என்று ஒரு கட்சி. "எதுக்கு? இங்க எல்லாருக்கும்தான் இங்கிலீஷ் தெரியுதே. வீட்டுல தமிழ் சொல்லிக்கொடுக்கவே படாத பாடு படுறோம்" என்று இன்னொரு கட்சி. நான் அங்கே பெரும்பாலும் வாயைத் திறப்பதில்லை. நாலு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பதில்: போடுங்கள். ஆனால் போட்டதோடு நம் வேலை முடிந்தது என்று மட்டும் நினைக்காதீர்கள். இந்த ஊரில் பிரெஞ்சு கற்பதற்குப் பெரிய தடை இலக்கணமும் இல்லை, வாத்தியாரும் இல்லை. எல்லா இடத்திலும் செல்லுபடியாகிற நம் ஆங்கிலம்தான் தடை.

இந்தப் பக்கம் தெரியாதவர்களுக்காக ஊரைப் பற்றிக் கொஞ்சம். கனடாவின் மாகாணங்களில் அதிகாரபூர்வமாக இரு மொழி மாகாணம் என்பது நியூ பிரன்சுவிக் ஒன்றுதான். 1969லேயே அதற்குச் சட்டம் போட்டுவிட்டார்கள். மாகாணத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பிரெஞ்சு பேசுகிறவர். மங்க்டன், தியெப், ரிவர்வியூ மூன்றும் இந்த மாகாணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர்கள். ரிவர்வியூ ஆற்றுக்கு அந்தப் பக்கம், அநேகமாக முழுக்க ஆங்கிலம். தியெப்பில் பெரும்பான்மை பிரெஞ்சு. மங்க்டன் நடுவில், கலவை. காரில் பத்து நிமிஷம் போனால் கடைப் பலகையில் எந்த மொழி மேலே இருக்கிறது என்பதே மாறிவிடும்.

இந்த ஊரின் பெயரே ஒரு கூத்து. 1755இல் பிரிட்டிஷார் இந்தப் பகுதியின் பிரெஞ்சுக் குடியானவர்களை, அதாவது அகாடியர்களை, வீடுகளைக் கொளுத்தி, கப்பலில் ஏற்றி நாடு கடத்தத் தொடங்கினார்கள். சில வருஷங்களில் பத்தாயிரம் பேருக்கு மேல் சிதறடிக்கப்பட்டார்கள். அந்த வேலையில் பங்கெடுத்த ராணுவ அதிகாரி ராபர்ட் மங்க்டன். அவர் பெயர்தான் ஊருக்கு. 1963இல் அகாடியர்களுக்கென்று தொடங்கிய பிரெஞ்சுப் பல்கலைக்கழகத்துக்கும் அதே பெயர்தான் வந்து ஒட்டிக்கொண்டது. 2023இல் அதை மாற்றச் சொல்லிக் கோரிக்கை பலமாக எழுந்தது.

1968இல் அந்தப் பல்கலைக்கழக மாணவர்கள் நகராட்சியில் பிரெஞ்சுக்கு இடம் கேட்டு ஊர்வலம் போனார்கள். அப்போதைய மேயர் லெனார்ட் ஜோன்ஸ் அவர்களை அவமானப்படுத்தித் திருப்பி அனுப்பினார். அவர் பிறகு மொழிச் சட்டத்தையே எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார். 2002இல் அதே நகராட்சி, தன்னை அதிகாரபூர்வ இரு மொழி நகரம் என்று அறிவித்துக்கொண்டது. ஆக, இன்று நாம் சாதாரணமாகக் கடந்துபோகிற "ஹலோ, பொன்ஜூர்" என்ற அரசு அலுவலக வரவேற்பு யாரோ தட்டில் வைத்துக் கொடுத்தது இல்லை.

இனி பள்ளிக்கூடம். இங்கே கல்வித்துறையே இரண்டாகப் பிரிந்தது. ஆங்கிலப் பள்ளிகள் தனி, பிரெஞ்சுப் பள்ளிகள் தனி, மாவட்ட நிர்வாகமும் தனித்தனி. இம்மர்ஷன் என்பது ஆங்கிலப் பள்ளிக்குள் நடக்கிற ஏற்பாடு. வீட்டில் பிரெஞ்சு இல்லாத பிள்ளைகளுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே பெரும்பாலான பாடங்களை பிரெஞ்சில் நடத்துவார்கள். இந்த யோசனையை 1965இல் கியூபெக்கின் சென் லாம்பேர் என்ற புறநகரில் ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலர் சண்டை போட்டு ஆரம்பித்து வைத்தார்கள். அங்கிருந்துதான் நாடு முழுக்கப் பரவியது.

திட்டம் நல்லதுதான். இடிப்பது ஒரே இடத்தில். வகுப்பில் இருக்கும் இருபது சொச்சம் பிள்ளைகளில் ஒருவர் வீட்டிலும் பிரெஞ்சு கிடையாது. டீச்சர் ஒருவர்தான் பிரெஞ்சு. டீச்சர் கேட்டால் பிரெஞ்சில் பதில், டீச்சர் திரும்பினால் ஆங்கிலம், மைதானத்தில் ஆங்கிலம், பஸ்ஸில் ஆங்கிலம். பிரெஞ்சு பேசுகிற பிள்ளைகள் ஒரு கிலோமீட்டர் தள்ளி வேறு பள்ளியில் படிக்கிறார்கள். பந்தியில் உட்கார வைத்துவிட்டு சாப்பாட்டை அடுத்த மண்டபத்தில் பரிமாறுகிற கதை. பன்னிரண்டாம் வகுப்பு வரை இம்மர்ஷனில் படித்து, பாடத்தில் நல்ல மார்க்கும் வாங்கி, ஒரே ஒரு அகாடிய நண்பன்கூட இல்லாமல் வெளியே வருகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒளிச்சேர்க்கையை பிரெஞ்சில் விளக்கத் தெரியும். சக வயதுப் பையனைக் கிண்டல் பண்ணத் தெரியாது.

அப்படியானால் இரண்டு பள்ளிகளையும் ஒன்றாக்கிவிடலாமே என்று உடனே கமெண்ட் வரும். கூடாது. ஒரே மைதானத்தில் இரண்டு மொழிப் பிள்ளைகளை விட்டால் மதியத்துக்குள் எல்லாரும் ஆங்கிலத்துக்கு வந்துவிடுவார்கள். அகாடியர்கள் தனிப் பள்ளியை விடாப்பிடியாகக் காப்பாற்றுவது அதனால்தான். அந்தச் சுவர் அவர்களுக்குத் தேவை. சுவரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போகிற வேலை நம்முடையது.

இந்த இம்மர்ஷன் விஷயத்தில் அரசாங்கங்கள் அடித்த பல்டியும் கொஞ்சநஞ்சமில்லை. 2008இல் ஒன்றாம் வகுப்பு இம்மர்ஷனை எடுத்தார்கள், எதிர்ப்பு கிளம்பியதும் மூன்றாம் வகுப்புக்குத் தள்ளினார்கள், 2017இல் மறுபடி ஒன்றாம் வகுப்புக்கே கொண்டுவந்தார்கள். அப்புறம் பிரெஞ்சு பேசாத முதல்வர் பிளேன் ஹிக்ஸ் காலத்தில் இம்மர்ஷனையே ஒழித்துவிட்டு எல்லாருக்கும் பாதி நாள் பிரெஞ்சு என்றார்கள். கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்டபோது பெற்றோர் பிடித்த பிடியில் 2023 பிப்ரவரியில் அதையும் வாபஸ் வாங்கினார்கள். அரசியலை நம்பிப் பிள்ளையின் பிரெஞ்சை விட்டுவைக்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, பெரியவர்கள் கதைக்கு வருவோம். சனிக்கிழமை காலை தியெப் சந்தைக்குப் போங்கள். உள்ளே நுழைந்ததும் பிரெஞ்சுதான் காதில் விழும். பூத்தின் ரப்பே என்று ஒரு பண்டம் விற்பார்கள். துருவிய உருளைக்கிழங்கை உருட்டி, நடுவில் பன்றி இறைச்சி வைத்து வேகவைத்த சாம்பல் நிற உருண்டை. (பார்க்க நன்றாக இருக்காது. சாப்பிடப் பழகவேண்டும். நான் இன்னும் பழகவில்லை.) கடைக்கார அம்மாவிடம் "அன் கஃபே, சில் வூ ப்ளே" என்று நாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்ததை அவிழ்த்துவிட்டால், அவர் ஒரு நொடி நம் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி "மில்க்? ஷுகர்?" என்பார். அவ்வளவுதான். நம் பிரெஞ்சு அங்கேயே ஜன்னி கண்டு படுத்துவிடும்.

நிறையப் பேர் இதை அவமானமாக எடுத்துக்கொள்கிறார்கள். "நான் பேசினேன், அவங்கதான் இங்கிலீஷ்ல பதில் சொன்னாங்க" என்று காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்த அம்மா மட்டம் தட்டவில்லை. உபசாரம் பண்ணுகிறார். ஆங்கிலக்காரர் ஒருவர் அறைக்குள் வந்தால் பத்து பேரும் ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்ளவேண்டும் என்பது இங்கே தலைமுறை தலைமுறையாக ஊறிப்போன பழக்கம். இந்த மாகாணத்தில் இரு மொழியும் தெரிந்தவர்கள் 2021 கணக்குப்படி 34 சதவீதம். அதில் பெரும்பங்கு பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். அதாவது இரு மொழி மாகாணம் என்கிற சுமையைத் தூக்குவது பெரும்பாலும் ஒரே தரப்பு.

அந்த இடத்தில் என்ன செய்யவேண்டும்? "ஜாப்ராங்", கற்றுக்கொண்டிருக்கிறேன், என்று சொல்லிவிட்டு பிரெஞ்சிலேயே தொடரவேண்டும். என் அனுபவத்தில் முக்கால்வாசிப் பேர் முகம் மலர்ந்து திரும்ப பிரெஞ்சுக்கு வந்துவிடுவார்கள், வேகத்தையும் குறைத்துக்கொள்வார்கள். வரிசையில் பின்னால் நாலு பேர் நின்றால் மட்டும் விட்டுவிடுங்கள், பாவம்.

இன்னொரு பயம், "இங்கே பேசுவது சுத்த பிரெஞ்சு இல்லையே" என்பது. ஆமாம், இல்லை. மங்க்டன் பக்கத்து இளசுகள் பேசுவது ஷியாக், ஆங்கிலம் கலந்த பிரெஞ்சு. "ஜே பார்க்கே மோ(ன்) ஷார்" என்பார்கள். பார்க் என்ற ஆங்கில வினையை எடுத்து பிரெஞ்சு விகுதியை மாட்டிவிட்டது. "காரைப் பார்க் பண்ணிட்டேன்" என்று தினமும் சொல்கிற நமக்கு இதில் என்ன அதிர்ச்சி? வயதான அகாடியர்கள் பலர் தொண்டையில் உருட்டாமல் நம்மைப் போல நாக்கு நுனியில்தான் "ர" சொல்கிறார்கள். பாரிஸ் உச்சரிப்புக்காக யூடியூபில் தொண்டையைக் கிழித்துக்கொண்டிருக்கும் நண்பர்கள் இதைக் கவனிக்கவும்.

இப்போது கொஞ்சம் கோபமாக ஒன்று சொல்லவேண்டும். "எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியுமே, அப்புறம் ஏன் பிரெஞ்சு பிரெஞ்சுன்னு குதிக்கிறாங்க" என்று நம் ஆட்களே பேசுவது. இதே வாக்கியத்தில் ஆங்கிலத்தை எடுத்துவிட்டு இந்தியைப் போட்டுப் பாருங்கள். டெல்லியில், ரயிலில், வங்கியில் நம்மிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறார்கள்? எரிந்ததா இல்லையா? 1965 இந்தி எதிர்ப்பைப் பற்றி மேடையில் முழங்குகிற ஊரிலிருந்து வந்துவிட்டு, இங்கே வந்ததும் பெரிய மொழியின் பக்கம் நின்றுகொண்டு சின்ன மொழிக்காரனை நச்சரிப்பது எனக்குக் கொஞ்சமும் விளங்கவில்லை. அவர்களிடம் தனிப் பள்ளி, தனிச் சட்டம் எல்லாம் இருந்தும் பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு வழுக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அடுத்த கூட்டம், பிஆர் பிரெஞ்சு. பிஆர் என்றால் கனடாவில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை. 2023 முதல் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில், அதாவது புள்ளி பார்த்து பிஆருக்கு அழைக்கிற முறையில், பிரெஞ்சு தெரிந்தவர்களுக்குத் தனிச் சுற்று வைக்கிறார்கள். 2025 மார்ச்சில் ஒரு சுற்றில் 379 புள்ளிக்கே அழைப்பு வந்தது. 500 தாண்டியும் காத்துக்கிடந்தவர்கள் இருக்கும்போது இது லாட்டரிதான். அதனால் சென்னையிலும் கோவையிலும் உட்கார்ந்துகொண்டு ராத்திரி பகலாகப் படித்துத் தேர்வு எழுதுகிறார்கள். அதில் தப்பே இல்லை. யாருக்கும் ஒரு காரணம் வேண்டும், பிஆரைவிட நல்ல காரணம் ஏது? ஆனால் இங்கே வந்து இறங்கியதும் அந்த பிரெஞ்சைப் பெட்டியோடு பரண்மேல் ஏற்றிவிடுகிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல். தேர்வில் நாலு திறனிலும் ஏழாம் நிலை வாங்கியவர், தியெப்பில் வீடு எடுத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் "குட் மார்னிங்" என்கிறார். ரத்தம் சிந்திக் கற்றது, ஒரே குளிர்காலத்தில் துருப்பிடித்துவிடும். இங்குள்ள கால் சென்டர்கள் 90களில் வந்ததே இரு மொழி ஆட்கள் கிடைப்பார்கள் என்றுதான். வேலைச் சந்தையிலும் அதற்கு மதிப்பு இருக்கிறது.

குழுவில் கேட்டவர்களுக்கு என் நடைமுறை யோசனை இதுதான். இம்மர்ஷனில் போடுங்கள். நீச்சல், ஸ்கேட்டிங், கோடை முகாம் எதுவாக இருந்தாலும் தியெப்பில் பிரெஞ்சில் நடக்கிற வகுப்பாகப் பார்த்துச் சேருங்கள். நூலகமும் அங்கேயே. ஆகஸ்ட் 15 அகாடியர் தினத்தில் தட்டு, கரண்டி, பானை எல்லாம் எடுத்துக்கொண்டு தெருவில் தட்டிக்கொண்டு போவார்கள், தாந்தமார் என்று பெயர். பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள், சத்தம் போட அனுமதி கிடைக்கிற ஒரே நாள். உங்களுக்கு பிரெஞ்சு ஒரு வார்த்தைகூடத் தெரியாதென்றால் ரேடியோ கனடாவும் சிபிசியும் சேர்ந்து இலவசமாகத் தரும் மோரில் என்ற ஆப் இருக்கிறது. நிஜமான டிவி நிகழ்ச்சிகளை வைத்துச் சொல்லித்தருவதால் காது நன்றாகப் பழகும்.

"எங்களுக்கே தெரியாம வீட்டுப்பாடத்துக்கு எப்படி உதவுறது?" என்று கேட்ட தங்கைக்கு: இம்மர்ஷன் திட்டமே பிரெஞ்சு தெரியாத பெற்றோருக்காக உண்டானது. பள்ளியிலிருந்து நமக்கு வருகிற கடிதமெல்லாம் ஆங்கிலத்தில்தான் வரும். பிள்ளை சத்தமாக வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், புரியாததைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள், தமிழும் ஓடும். இந்த சனிக்கிழமை தியெப் சந்தைக்குப் போவதாக இருந்தால் எனக்கு மெசேஜ் போடுங்கள், நானும் வருகிறேன். காபி ஆர்டர் பண்ணுவது நீங்கள்.